நாட்டை விட்டுப் போவதா? முதலில் ஒரு செவ்வாய்க்கிழமையை எடைபோடுங்கள்

நாடு மாறலாமா என்ற பேச்சு ஒரு வீட்டில் எழுந்தால் அது சுற்றிச் சுற்றி இரண்டு இடத்தில் வந்து நிற்கும். ஒன்று சம்பளம். மற்றது, “அங்கே வாழ்க்கைத் தரம் நல்லா இருக்குமாம்” என்பது. சம்பளத்துக்குக் கையில் ஒரு எண் இருக்கும். வாழ்க்கைத் தரத்துக்குக் கேள்விப்பட்டதும், படத்தில் பார்த்ததும், போய் வந்தவர் சொன்னதும்தான் ஆதாரம். ஒரு வீடு வாங்கும்போது பத்திரத்தைப் புரட்டுகிறோம், சுவரைத் தட்டிப் பார்க்கிறோம், மழைக்காலத்தில் ஒழுகுமா என்று பக்கத்து வீட்டில் விசாரிக்கிறோம். வாழ்க்கையின் பத்து, இருபது வருடத்தைக் கொண்டுபோய் வைக்கப்போகும் இடத்துக்கு அந்த அளவு சோதனையாவது வேண்டும்.

இங்கே சொல்லும் முறைக்கு ஒரு நோட்டு, ஒன்றரை மாத அவகாசம், கூட வரப்போகிற எல்லோருடைய ஒத்துழைப்பு, மூன்றும் தேவை. எக்செல் பழக்கம் இருந்தால் கொஞ்சம் சுலபம். இல்லாவிட்டாலும் கையால் போடக்கூடிய கணக்குகள்தான்.

தரவரிசைப் பட்டியல்களை எந்த அளவுக்கு நம்பலாம்

எக்கனாமிஸ்ட் இன்டெலிஜென்ஸ் யூனிட் என்ற ஆய்வு நிறுவனம் வெளியிடும் “வாழத்தகுந்த நகரங்கள்” பட்டியலில் 173 நகரங்கள் இருக்கின்றன. நிலைத்தன்மைக்கு 25 சதவீதம், பண்பாடும் சுற்றுச்சூழலும் சேர்த்து 25, மருத்துவம் 20, உள்கட்டமைப்பு 20, கல்வி 10 என்று எடை. விலைவாசிக்கு அதில் இடமே இல்லை. முதல் பத்தில் வரும் ஊரில் உங்கள் சம்பளத்துக்கு வீடு கிடைக்குமா என்ற கேள்விக்கு அந்தப் பட்டியல் பதில் சொல்லாது. மெர்சர் என்ற ஆலோசனை நிறுவனமும் நகரங்களைத் தரவரிசைப்படுத்துகிறது. அந்தப் பட்டியலின் முக்கிய உபயோகம், நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது எவ்வளவு கூடுதல் படி தரலாம் என்று தீர்மானிப்பது. வேலை தேடிப் போகிறவருடைய நிலைமை வேறு. ஐ.நா.வின் மனித வளர்ச்சிக் குறியீடு 1990 முதல் வருகிறது. ஆயுள், கல்வி, வருமானம் மூன்றை மட்டும் அளக்கிறது.

உலக மகிழ்ச்சி அறிக்கை கொஞ்சம் வேறு மாதிரி. 0 முதல் 10 வரை படிகள் உள்ள ஒரு ஏணியைக் கற்பனை செய்யச் சொல்லி, உங்கள் வாழ்க்கை இப்போது எந்தப் படியில் நிற்கிறது என்று நேரடியாகவே மக்களைக் கேட்கிறது. 2018 அறிக்கை குடியேறியவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தது. வந்து குடியேறியவர்களின் மதிப்பெண் அந்த நாட்டில் பிறந்தவர்களின் மதிப்பெண்ணை ஒட்டியே இருந்தது. ஆக, நாடு என்பது நிச்சயம் ஒரு பொருட்டுதான்.

இதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய ஆய்வு ஒன்று உண்டு. 1998-ல் டேனியல் கானமன், டேவிட் ஷ்கேடு என்ற இரு ஆய்வாளர்கள், கலிபோர்னியாவிலும் அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களிலும் படிக்கும் மாணவர்களைக் கேட்டார்கள். வாழ்க்கைத் திருப்தியில் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் “உங்களைப் போன்ற ஒருவர் அங்கே இருந்தால் எப்படி இருப்பார்?” என்று கேட்டபோது, கலிபோர்னியாக்காரர்தான் அதிக சந்தோஷமாக இருப்பார் என்று இரு தரப்புமே சொன்னது. வெயிலும் கடலும் முதலில் கண்ணில் படும் வித்தியாசங்கள். ஒப்பிடச் சொன்னால் மனம் அதையே பிடித்துக்கொள்கிறது. தினமும் வாழ்கிறவருக்கோ வேலை, தூக்கம், கடன், பிள்ளைகள், முதுகுவலி என்று மற்றதெல்லாம் முன்னால் நிற்கிறது.

ஆகவே பட்டியல்களை ஊர்களை வடிகட்ட மட்டும் பயன்படுத்துங்கள். முடிவுக்கு உங்கள் சொந்த அளவுகோல் வேண்டும்.

இப்போதைய வாழ்க்கையை 14 நாள் எழுதுங்கள்

போகப்போகிற ஊரைத் துருவுவதற்கு முன், இருக்கிற வாழ்க்கையை அளக்க வேண்டும். இதைத்தான் பெரும்பாலானோர் செய்வதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் சுருக்கமான வாழ்க்கைத் தரக் கேள்வித்தாளில் 26 கேள்விகள் உள்ளன. உடல்நலம், மனநலம், உறவுகள், சுற்றுச்சூழல் என்று நான்கு பகுதிகள். கடந்த இரண்டு வாரத்தை வைத்தே பதில் சொல்ல வேண்டும் என்பது அதன் விதி. நல்ல விதி. “பொதுவாக எப்படி இருக்கிறேன்” என்று யோசித்தால் கோபமோ ஏக்கமோதான் பதில் எழுதும்.

தினமும் இரவு ஐந்து நிமிடம் போதும். அன்றைய நேரம் எங்கே போனது, எது உடம்பைச் சோர வைத்தது, எது நிறைவாக இருந்தது. 14 நாள் முடிந்ததும் குறைகளையெல்லாம் ஒரு தாளில் எடுத்து எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கில் ஒன்றைக் குறியுங்கள்: நாட்டால் வருவது, ஊரால் வருவது, வேலையால் அல்லது வீட்டால் வருவது, எங்கே போனாலும் கூடவே வருவது.

சட்டம் ஒழுங்கு, நாணயத்தின் மதிப்பு, உங்கள் பாலினமோ மதமோ இனமோ காரணமாக வரும் ஆபத்து, உங்கள் துறையில் வேலையே இல்லாத நிலை, இவையெல்லாம் நாட்டால் வருவன. நெரிசலும் காற்று மாசும் பெரும்பாலும் ஊரால் வருவன. அதே நாட்டில் வேறு ஊருக்கு மாறினால் பாதி தீரும். மேலதிகாரியின் கெடுபிடியும் இரவு வேலையும் வேலையால் வருவன. தூக்கமின்மை, தம்பதிக்குள் ஓயாத சண்டை, கடன் வாங்கிச் செலவழிக்கும் பழக்கம் இவற்றுக்கு விசா தேவையில்லை, பெட்டியோடு ஏறிக்கொள்ளும். புது ஊரில் தாங்கிப் பிடிக்க ஆள் குறைவு என்பதால் இந்தக் கடைசி வகை அங்கே இன்னும் கனக்கும்.

முதல் வகையில் கனமான வரிகள் ஒன்றிரண்டாவது இருந்தால் மேலே படியுங்கள். எல்லாமே இரண்டிலும் மூன்றிலும் விழுந்தால், ஒப்பீட்டில் மூன்றாவது தேர்வு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: உள்நாட்டிலேயே ஊர் மாற்றம் அல்லது வேலை மாற்றம். போவது, இருப்பது என்று இரண்டை மட்டும் எதிரெதிரே நிறுத்தும்போதுதான் பலர் தவறான பதிலுக்குப் போகிறார்கள்.

உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்பதால் கிளம்புகிறவர்களுக்கு இந்தத் தராசு பொருந்தாது. அவர்கள் முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போக வேண்டும். கணக்கை அங்கே உட்கார்ந்து போட்டுக்கொள்ளலாம்.

செவ்வாய்க்கிழமைக் கணக்கு

விடுமுறையும் கொண்டாட்டமும் இல்லாத ஒரு சாதாரண வேலை நாளை எடுத்துக்கொள்ளுங்கள். செவ்வாய் என்று வைப்போம். வருடத்தில் 230 நாளுக்கு மேல் அது மாதிரிதான் இருக்கப்போகிறது. அந்த நாளின் 24 மணி நேரத்தையும் இருக்கும் ஊருக்கு ஒரு வரிசை, போகும் ஊருக்கு ஒரு வரிசை என்று எழுதுங்கள்.

பிள்ளை உள்ள ஒருவருடைய கணக்கை மாதிரிக்குப் பார்ப்போம். இருக்கும் ஊரில் தூக்கம் 7 மணி, குளியலும் சாப்பாடும் இரண்டரை மணி, பயணம் 2 மணி 20 நிமிடம், வேலை 9 மணி, வீட்டு வேலை 40 நிமிடம், பிள்ளைகளோடு 1 மணி, தனக்கென்று ஒன்றரை மணி. கூட்டினால் 24. போகும் ஊரில் பயணம் 1 மணி, வேலை 8 மணி. ஆக 2 மணி 20 நிமிடம் மிச்சம், பிரமாதம் என்று தோன்றும். ஆனால் வீட்டு வேலைக்கு உதவ அங்கே யாரும் இல்லை. அது 2 மணி 10 நிமிடமாகிறது. பள்ளியில் விடுவதும் கூட்டிவருவதும் பாடம் சொல்லித் தருவதும் சேர்ந்து பிள்ளைகளுக்கு 1 மணி 50 நிமிடம். தூக்கத்தையும் சாப்பாட்டையும் மாற்றாமல் மீண்டும் கூட்டிப் பாருங்கள். தனக்கென்று மிஞ்சுவது அதே ஒன்றரை மணிதான்.

இதனால் இரண்டு ஊரும் சமம் ஆகிவிடாது. நெரிசலில் போன நேரம் பிள்ளையின் கையைப் பிடித்து நடக்கும் நேரமாக மாறியிருக்கிறது. சிலருக்கு அதற்காகவே போகலாம். நீண்ட பயண நேரம் உள்ளவர்களின் வாழ்க்கைத் திருப்தி குறைவாக இருப்பதை, ஜெர்மனியின் தரவுகளை வைத்து ஸ்டுட்சர், ஃப்ரை என்ற பொருளாதார ஆய்வாளர்கள் 2008-ல் காட்டினார்கள்; கூடுதல் சம்பளமோ நல்ல வீடோ அந்த இழப்பை முழுதாக ஈடுகட்டவில்லை. ஆனால் “அங்கே போனால் எனக்கு நேரம் கிடைக்கும்” என்று நம்பிப் போகிறவர் இந்தக் கூட்டலைப் போகும் முன்பே போட்டுவிட வேண்டும்.

கணவன், மனைவி இருவரும் இதைத் தனித்தனியாக, ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல் எழுத வேண்டும். வேலையோடு போகிறவருக்கு அந்த செவ்வாய்க்கிழமையில் அலுவலகம், சக ஊழியர்கள், மரியாதை எல்லாம் தயாராக இருக்கும். துணையாகப் போகிறவரின் தாளில் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அது வெற்றாக இருந்தால் அந்த இடம்தான் முதலில் விரிசல் விடும்.

பணத்தை எப்படி ஒப்பிடுவது

வெளிநாட்டுச் சம்பளத்தை இன்றைய நாணய மாற்று விகிதத்தால் பெருக்கிப் பார்ப்பது எல்லோரும் செய்யும் தவறு. விதி இதுதான்: அங்கேயே செலவாகும் பணத்தை வாங்கும் திறன் அடிப்படையில் (அதே பொருட்களை வாங்க இரு நாட்டிலும் எவ்வளவு பணம் வேண்டும் என்று) ஒப்பிடுங்கள், சேமித்துச் சொந்த நாட்டுக்குக் கொண்டுவரப்போகும் பணத்தை மட்டும் மாற்று விகிதத்தால் பெருக்குங்கள். வாங்கும் திறன் விகிதங்களை உலக வங்கி வெளியிடுகிறது. அது நாடு முழுவதற்குமான சராசரி என்பதால் பெருநகர வாடகையை அதில் தேடாதீர்கள். வாடகைக்கு, அந்த ஊரின் வீட்டு விளம்பரங்களில் உங்களுக்கு வேண்டிய அளவுள்ள 20 வீடுகளை எடுத்து நடுவில் நிற்கும் தொகையை வைத்துக்கொள்ளுங்கள்.

மொத்தச் சம்பளத்தை 100 என்று வைத்து மேலிருந்து கழித்துக்கொண்டே வாருங்கள். உதாரணத்துக்கு வரியும் சமூகப் பாதுகாப்புப் பிடித்தமும் 32, வாடகை 28, குழந்தைக் காப்பகம் 15, சாப்பாடு, மின்சாரம், வெப்பமூட்டல் சேர்த்து 14, மருத்துவக் காப்பீடும் போக்குவரத்தும் 6. மிஞ்சுவது 5. வீட்டுக்கு அனுப்பும் பணம், ஊருக்கு வந்துபோகும் விமான டிக்கெட், அவசரச் செலவு எல்லாம் இந்த ஐந்துக்குள். காப்பகச் செலவு பிள்ளை பள்ளிக்குப் போனதும் குறையும் என்பதால், முதல் வருடம், நான்காம் வருடம் என்று இரண்டு முறை இதே கழித்தலைச் செய்ய வேண்டும்.

சிறு தொகையாகப் பணம் அனுப்பும் செலவு உலகச் சராசரியில் 6 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. மாதாமாதம் அனுப்புகிறவர்கள் அதையும் தனிச் செலவாக எழுத வேண்டும். வருமான வரி விஷயத்தில், பல நாடுகளில் ஆண்டுக்கு 183 நாள் என்பது வசிப்பிடத்தைத் தீர்மானிக்கும் முக்கியமான எல்லை. இரு நாடுகளுக்கும் இடையே இரட்டை வரி ஒப்பந்தம் (ஒரே வருமானத்துக்கு இரண்டு நாடும் வரி பிடிக்காமல் காப்பது) உண்டா, சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் உண்டா என்று தனித்தனியாகப் பாருங்கள். இரண்டும் வெவ்வேறு ஒப்பந்தங்கள். பின்னது இல்லாவிட்டால், இரண்டு நாட்டிலும் அரைகுறையாகக் கட்டிய பென்ஷன் எங்குமே தகுதி வருடங்களை எட்டாமல் போகலாம்.

போய்ச் சேர்ந்த புதிதில் வாடகை முன்பணம், வீட்டுச் சாமான், சான்றிதழ் மதிப்பீடு, விசாக் கட்டணம் எல்லாம் ஒரே நேரத்தில் வரும். அந்த ஊர்க் கணக்கில் ஆறு மாதச் செலவு கையில் இல்லாமல் கிளம்புவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். கையில் பணம் இல்லாதவர் கிடைத்த முதல் வேலையை ஒப்புக்கொள்வார். அங்கிருந்து தன் துறைக்குத் திரும்ப வருடங்கள் ஆகும்.

விசாவும் வாழ்க்கைத் தரத்தில் சேர்த்தி

ஊர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அங்கே இருக்கும் உரிமை ஒரே முதலாளியின் கையில் இருந்தால் அது உங்கள் தூக்கத்தைத் தொடும். கேட்க வேண்டிய முதல் கேள்வி: வேலை போனால் எத்தனை நாள்? அமெரிக்காவில் எச்-1பி என்ற வேலை விசாக்காரருக்கு அதிகபட்சம் 60 நாள். ஐரோப்பிய ஒன்றியம் படித்த வெளிநாட்டு ஊழியர்களுக்குத் தரும் நீல அட்டை வைத்திருப்பவருக்கு, 2021 விதிகளின்படி, அட்டை பெற்று இரண்டு வருடத்துக்குள் என்றால் 3 மாதம், அதற்கு மேல் என்றால் 6 மாதம். இந்த எண் சம்பளத்தை விட முக்கியமாகிவிடும் நாட்கள் வரும்.

அடுத்து, துணைக்கு வேலை செய்யும் உரிமை முதல் நாளிலிருந்தே உண்டா? பிள்ளை எந்த வயதில் சார்ந்திருப்பவர் என்ற தகுதியை இழக்கிறது? அமெரிக்காவில் அது 21; நிரந்தர வசிப்புரிமைக்கான வரிசை நீளமாக இருக்கும்போது அங்கேயே வளர்ந்த பிள்ளைகூட அந்த வயதில் தனி விசா தேட வேண்டியிருக்கும். நிரந்தர வசிப்புரிமை வந்தபின் எத்தனை நாள் அங்கேயே இருக்க வேண்டும்? கனடாவில் ஒவ்வொரு ஐந்து வருடத்திலும் 730 நாள். குடியுரிமைக்கு ஐந்து வருடத்தில் 1,095 நாள். வயதான பெற்றோரைப் பார்க்க ஊருக்கு வந்து மாதக்கணக்கில் தங்க நினைப்பவர்கள் இதைப் பார்க்காமல் திட்டம் போடக் கூடாது.

மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், ஆசிரியர், வழக்கறிஞர் ஆகியோருக்குப் பட்டம் மட்டும் போதாது, உரிமம் வேண்டும். ஏஜென்ட் சொல்வதை விட்டுவிட்டு அந்த நாட்டின் பதிவு அமைப்புக்கே எழுதி, எந்தத் தேர்வு, எத்தனை மாதம், எவ்வளவு கட்டணம், மேற்பார்வையில் எத்தனை நாள் வேலை என்று பதிலை எழுத்தில் வாங்குங்கள். இரு நாடுகளும் 1961 ஹேக் உடன்படிக்கையில் இருந்தால் சான்றிதழ்களுக்கு, அவை உண்மையானவை என்று உறுதிசெய்யும் அப்போஸ்டில் முத்திரை போதும். இல்லையென்றால் தூதரகம் வரை போகும் நீண்ட வழி.

மொழிக்கும் நேரக் கணக்கு உண்டு. ஆங்கிலத்தில் பி1 நிலைக்கு (அன்றாடப் பேச்சைச் சமாளிக்கும் இடைநிலை) 350 முதல் 400 மணி நேரம், பி2 நிலைக்கு (அதற்கு அடுத்த, ஓரளவு சரளமான நிலை) 500 முதல் 600 மணி நேரம் வழிகாட்டுதலோடு படிக்க வேண்டும் என்பது கேம்பிரிட்ஜ் தேர்வுத் துறையின் மதிப்பீடு. தினம் ஒரு மணி நேரம் என்றால் பி2-வுக்கு ஒன்றரை வருடம். உங்கள் மொழிக்குத் தொலைவான மொழி என்றால் இன்னும் கூடும். மருத்துவரிடம் வலியை விவரிக்க, பள்ளியில் பிள்ளைக்காக வாதாட, பக்கத்து வீட்டுக்காரரோடு சிரித்துப் பேச பி1 போதாது. அதுவரை நீங்கள் உங்களைவிடச் சிறிய ஒரு ஆளாகத்தான் வெளியில் தெரிவீர்கள். இதை முன்கூட்டியே தெரிந்து போகிறவர்களுக்கு அந்த நாட்கள் அவ்வளவாக வலிப்பதில்லை.

உடம்பு எதை உணரும்

காற்றுக்கு ஒரு எண் போதும்: பி.எம். 2.5 என்னும் மிக நுண்ணிய தூசியின் ஆண்டுச் சராசரி. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வகுத்த வரம்பு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம். இரு ஊருக்கும் இந்த எண்ணை எடுத்து அருகருகே எழுதுங்கள். குழந்தைகளோ மூச்சுத்திணறல் உள்ளவரோ இருந்தால் இந்த ஒரு வரியே பெரிய எடை.

வெளிச்சத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊரில் வருடம் முழுதும் பகல் ஏறக்குறைய 12 மணி. 50 பாகை வடக்கில் டிசம்பர் இறுதியில் சுமார் 8 மணி. 60 பாகையில் 6 மணிக்கும் சற்றுக் குறைவு. அலுவலகத்துக்கு இருட்டில் போய் இருட்டில் திரும்புவீர்கள். மனச்சோர்வு முன்பே வந்தவர்களுக்கு இது அலட்சியப்படுத்தக் கூடாத விஷயம். போகும் ஊரின் அட்சரேகையைப் பார்த்து, டிசம்பர் 21 அன்று (தென்கோளத்தில் ஜூன் 21) சூரியன் எப்போது உதித்து எப்போது மறைகிறது என்று தேடிக் குறித்துக்கொள்ளுங்கள்.

மருத்துவத்தில் “நல்ல ஆஸ்பத்திரி இருக்கிறதா” என்பது பயனற்ற கேள்வி. குடும்ப மருத்துவரைப் பார்க்க எத்தனை நாள், நிபுணரைப் பார்க்க எத்தனை வாரம், கையிலிருந்து எவ்வளவு என்று கேளுங்கள். வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகளின் வேதிப்பெயரை எழுதி, அது அங்கே சட்டப்படி கிடைக்குமா என்று பாருங்கள். ஆம்ஃபெட்டமைன் கலந்த கவனக்குறைபாட்டு மருந்துகளை ஜப்பானுக்குள் மருத்துவர் சீட்டோடுகூடக் கொண்டுபோக முடியாது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகள் குடும்பத்தில் ஒருவருடைய எதிர்கால மருத்துவச் செலவைக் கணக்கிட்டே விசாவை மறுக்கக்கூடும். சிறப்புத் தேவை உள்ள பிள்ளை இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

பெற்றோருடன் மிச்சமிருக்கும் நாட்கள்

எழுதக் கஷ்டமான வரி இது. ஆனாலும் எழுதுங்கள். அம்மாவுக்கு இப்போது 70 வயது என்று வைப்போம். இன்னும் 12 வருடம் நல்ல நடமாட்டத்தோடு இருப்பார் என்று எடுத்துக்கொள்வோம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, மூன்று வாரம் வருவதாகத் திட்டம். ஆறு முறை, முறைக்கு 21 நாள், மொத்தம் 126 நாள். வருடாவருடம் வந்தால் 252. இருக்கும் ஊரில் மாதம் இரண்டு நாள் போய்ப் பார்த்தால் 288. எண்ணை எழுதிப் பார்த்தபின் சிலர் போவதில்லை. சிலர் வருடாவருடம் வருவதற்கான டிக்கெட் பணத்தை வாடகைக்கு அடுத்த வரியிலேயே எழுதி வைத்துவிட்டுப் போகிறார்கள். இரண்டுமே யோசித்து எடுத்த முடிவுகள்.

கூடவே மூன்று கேள்விகள். ராத்திரி இரண்டு மணிக்கு அப்பாவுக்கு முடியவில்லை என்றால் அரை மணி நேரத்தில் போய் நிற்கக்கூடியவர் யார்? நீங்கள் வீட்டு வாசலை அடைய எத்தனை மணி நேரம்? நேர வித்தியாசத்தில் தினம் பேச வசதியான வேளை உண்டா? எட்டு மணி நேரம் பின்னால் இருக்கும் ஊரில், பெற்றோர் படுக்கப்போகும் ஒன்பது மணி உங்களுக்கு மதியம் ஒரு மணி. சாப்பாட்டு இடைவேளையில் பேசிவிடலாம் என்றால் அது சிறிய விஷயம் இல்லை. முதல் கேள்விக்குப் பெயர் சொல்ல முடியாவிட்டால், கிளம்பும் முன் உடன்பிறந்தவர்களோடு உட்கார்ந்து யார் நேரம் கொடுப்பது, யார் பணம் கொடுப்பது என்று வெளிப்படையாகப் பேசி முடித்துவிடுங்கள்.

எடை போடும் விதம்

வழக்கமாகச் செய்வது இப்படி: மருத்துவம் 25, கல்வி 20, பாதுகாப்பு 20 என்று முக்கியத்துவத்தைப் பார்த்து எடை கொடுத்து, இரு ஊருக்கும் மதிப்பெண் போடுவது. இது தவறான பதிலைத் தரும். மருத்துவம் உயிர் போன்றதுதான். ஆனால் உங்கள் குடும்பத்துக்கு வேண்டிய மருத்துவம் இரு ஊரிலும் ஒரே மாதிரி கிடைத்தால், இந்த முடிவில் அதற்கு எடையே கிடையாது. எது முக்கியம் என்பதை விடுங்கள். எதில் வித்தியாசம் பெரிது, அந்த வித்தியாசம் உங்களுக்கு எவ்வளவு பொருட்டு என்று கேளுங்கள்.

அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் 1772-ல் விஞ்ஞானி ஜோசப் பிரீஸ்ட்லிக்கு எழுதிய கடிதத்தில் இதற்கு வெகு அருகில் வரும் ஒரு முறையைச் சொல்லியிருக்கிறார்: தாளின் நடுவே கோடு போட்டு, சாதகத்தை ஒரு பக்கமும் பாதகத்தை மறுபக்கமும் மூன்று நான்கு நாள் விட்டுவிட்டு எழுதி, சமமாக இருப்பதை இரு பக்கமும் அடித்துவிடுவது. அந்த இடைவெளி நாட்கள் முக்கியம். ஒரே இரவில் எழுதிய பட்டியலில் அன்றைய மனநிலைதான் இருக்கும்.

செய்முறை: முதலில் சமமானவற்றை அடியுங்கள். மிஞ்சியதில் எந்த வித்தியாசம் உங்களை அதிகம் உலுக்குகிறதோ அதற்கு 100. மற்றவற்றை அதோடு ஒப்பிட்டு மதிப்பிடுங்கள்; அதில் பாதி என்று பட்டால் 50. பிறகு போகும் பக்கத்தில் விழுபவற்றையும் இருக்கும் பக்கத்தில் விழுபவற்றையும் தனித்தனியாகக் கூட்டுங்கள்.

ஒரு மாதிரி. போகும் பக்கம்: சேமிப்பு 100, பிள்ளையின் படிப்பு 60, காற்று 40. மொத்தம் 200. இருக்கும் பக்கம்: பெற்றோருடன் நாட்கள் 90, மனைவியின் தொழில் 70, நண்பர்களும் மொழியும் 30. மொத்தம் 190. பத்துப் புள்ளி வித்தியாசத்தில் போகலாம் என்று வருகிறது. இதை நம்பக் கூடாது. ஒவ்வொரு வரியையும் 20 சதவீதம் கூட்டிக் குறைத்துப் பாருங்கள்: பெற்றோர் வரி 90-லிருந்து 108 ஆனாலே இருக்கும் பக்கம் 208 ஆகி முடிவு புரண்டுவிடும். அப்படியானால் தாள் சொல்வது “இன்னும் முடிவு இல்லை” என்பதுதான்.

அடுத்த வேலை, எந்த வரியை மாற்ற முடியும் என்று பார்ப்பது. மனைவி அங்கே தொழில் செய்வதற்கான உரிமத்தைக் கிளம்பும் முன்பே வாங்கிவிட்டால் 70 என்பது 20 ஆகலாம். இப்போது 200-க்கு 140. பெற்றோர் வரியைக் கூட்டினாலும் 158, சேமிப்பைக் குறைத்தாலும் 180, முடிவு அசையவில்லை. ஆக, இந்தக் குடும்பத்துக்கான பதில், உரிமத் தேர்வு முடியும் வரை ஒரு வருடம் தள்ளிப்போட்டு, பிறகு கிளம்புவது. பிள்ளை பதின்வயதை நெருங்கினால் ஒரு வருடத் தாமதத்துக்கும் விலை உண்டு. அதையும் ஒரு வரியாகச் சேர்த்து மறுபடி கூட்டுங்கள்.

சில வரிகளைக் கூட்டலில் போடவே கூடாது. தன் அடையாளத்துக்காகச் சிறை போகும் சட்டம், அங்கே கிடைக்காத உயிர்காக்கும் மருந்து, துணையின் திட்டவட்டமான மறுப்பு, இவற்றுக்கு எதிரே எவ்வளவு சம்பளம் எழுதினாலும் ஈடாகாது. கணக்குத் தொடங்கும் முன்பே இவற்றைத் தனித்தாளில் எழுதி வையுங்கள். நடுவில் எழுதினால் சம்பளத்தைப் பார்த்து மனசு வளையும்.

இரு பக்கத்தையும் இன்றைய நிலைக்கு ஒருமுறை, ஐந்து வருடம் கழித்து இருக்கக்கூடிய நிலைக்கு ஒருமுறை எடைபோட வேண்டும். இருந்துவிட்டால் எல்லாம் இப்படியே இருக்கும் என்று நினைப்பதும் ஒரு கற்பனைதான். பதவி உயரலாம், நண்பர்களே கிளம்பிப் போகலாம்.

யாரைக் கேட்பது, எப்போது போய்ப் பார்ப்பது

போய் ஒரு வருடம் ஆகாதவரின் கருத்தில் புதுமையோ ஏக்கமோ ஓங்கியிருக்கும். ஐந்து வருடம் தாண்டியவர் இருவர், திரும்பி வந்தவர் இருவர், உங்கள் தொழிலிலேயே உங்கள் விசாவிலேயே இருப்பவர் ஒருவர் என்று ஐந்து பேரைக் கேளுங்கள். திரும்பி வந்தவர்களைத் தேடிப்பிடிக்க வேண்டும். அங்கிருப்பவர்களின் குழுக்களில் அவர்கள் இருக்க மாட்டார்கள். “பிடிச்சிருக்கா?” என்று கேட்டால் மரியாதைக்கு ஒரு பதில் வரும். “போன செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தீங்க? கடைசியா உங்க வீட்டுக்கு யார் வந்தாங்க? காய்ச்சல் வந்தப்போ யாரைக் கூப்பிட்டீங்க?” என்று கேளுங்கள்.

முடிந்தால் நான்கு வாரம், அந்த ஊரின் மோசமான பருவத்தில் போய்த் தங்குங்கள். சுற்றுலாப் பகுதியை விட்டு, உங்கள் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகும் புறநகரில். காலை நெரிசலில் அலுவலகம் வரை போய் வாருங்கள். ஒரு வாரம் முழுதும் சமைத்துத் துவைத்துக் குப்பையைப் பிரித்துப் போடுங்கள். வாடகை வீடு மூன்றைப் போய்ப் பாருங்கள். பார்க்க வந்த மற்றவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். ஞாயிறு மதியம் யாரையும் சந்திக்காமல் தனியாக இருந்து பாருங்கள். ஆனால் தங்கும் நாட்களில் வேலை பார்க்காதீர்கள்: சுற்றுலா விசாவில் வேலை செய்வது பல நாடுகளில் குற்றம். பின்னால் போடப்போகும் விண்ணப்பத்தையே அது கெடுக்கும்.

திரும்பும் வழி

போவது என்று முடிவானால், திரும்புவதற்கான செலவையும் அன்றே கணக்கிட்டு விமான டிக்கெட், மூன்று மாதச் செலவு, வீட்டு முன்பணம் மூன்றையும் தொடாத கணக்கில் போட்டுவிடுங்கள். சொந்த நாட்டில் உள்ள தொழிற்பதிவைப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள். வீட்டை விற்கிறவர்கள் இரண்டு வருடம் பொறுத்து விற்கலாம். அதுவரை வாடகைக்கு விட்டால் போதும். நம்பகமான ஒருவருக்குக் குறிப்பிட்ட வேலைகளுக்கு மட்டும் அதிகாரப் பத்திரம் எழுதுங்கள், முழு அதிகாரம் வேண்டாம்.

மறுபரிசீலனைத் தேதியைக் கிளம்பும் முன்பே குறித்து வையுங்கள். முதல் வருடத்தில் பார்த்தால் சோர்வும் ஏக்கமும் பேசும். 24-வது மாதம் சரியான சமயம். அன்று அதே 14 நாள் குறிப்பை மறுபடி எழுதி, பழைய நோட்டைப் பக்கத்தில் வைத்து, எந்தக் குறைகள் அங்கேயே நின்றுவிட்டன, எவை கூடவே வந்தன என்று வரி வரியாகப் பாருங்கள். எந்த நிலைமை வந்தால் திரும்புவோம் என்பதையும் இப்போதே எழுதி, பெரியவர்கள் இருவரும் கையெழுத்துப் போட்டு, பாஸ்போர்ட் வைக்கும் உறையிலேயே வையுங்கள்.